யாருடைய வால்?

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க வரும் அலுவலர்களுக்கும்:

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் 25 கதைப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவற்றில் நான் எழுதியவை இரண்டோ மூன்றோதான், மீதி மற்றவர்களுடையவை. இரண்டு பைகளில் அடைத்து, இரண்டு பஸ் மாறி, உள்ளங்கை சிவக்கத் தூக்கிக்கொண்டு போனேன். நவம்பர் 14 அன்று குழந்தைகள் நாள் விழாவுக்கு அதே பள்ளியில் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். போனதும் முதல் வேலையாக, "அந்தப் புத்தகமெல்லாம் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டேன்.

தலைமை ஆசிரியரின் முகம் மலர்ந்தது. "பத்திரமா இருக்கு மேடம். வாங்க, காட்டுறேன்."

காட்டினார். அலுவலக அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோ. கீழ்த்தட்டில் என் 25 புத்தகங்களும் இருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் பள்ளி முத்திரை, ஒரு வெள்ளைச் சீட்டு, சீட்டில் சிவப்பு மையில் எண். மூலையில் நாலு அந்துருண்டை. கதவில் பூட்டு. நான் கொடுத்துவிட்டு பஸ் ஏறிய அன்று மாலையே பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கி, பதிவேட்டில் ஏற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஐந்து மாதமாக ஒரு தாள் புரளவில்லை.

"திறங்க சார், பிள்ளைகளுக்கு ஒண்ணு எடுத்து வாசிச்சுக் காட்டுறேன்" என்றேன். சாவி பொறுப்பு ஆசிரியரிடம் இருந்தது. பொறுப்பு ஆசிரியர் வட்டார வள மையத்தில் பயிற்சியில் இருந்தார்.

சரி, போகட்டும் என்று திரும்பினேன். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். அதில் ஒருத்தி, ரெட்டைச் சடைக்காரி, கண்ணாடியில் விரலை ஊன்றி, "மிஸ், அது யாரோட வால்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

மூன்றாவது தட்டு, இடமிருந்து ஆறாவது புத்தகம். கொஞ்சம் தடிமனானது, முதுகில் தலைப்பு உண்டு. அந்தத் தலைப்பின் முன்பாதி மேல் எண் சீட்டை ஒட்டிவிட்டார்கள். கண்ணில் படுவது இவ்வளவுதான்: '…யின் வால்'.

விசாரித்தால், இது நாலாம் வகுப்பிலிருந்தே நடக்கும் வழக்கு. யானைக் கட்சி ஒன்று, பூனைக் கட்சி ஒன்று. இருப்பதிலேயே வலுவானது பல்லிக் கட்சி. "பல்லி வால் அறுந்து விழுந்து தனியாத் துடிக்கும்ல மிஸ், அப்பத்தானே கதை வரும்" என்று அவர்கள் வாதம். கதை எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கும் அதில் நியாயம் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, "குரங்கா இருக்கும்" என்றான். ரெட்டைச் சடைக்காரி சட்டென்று திரும்பினாள். "குரங்குன்னா குரங்கின் வால்னு வரும்டா. 'யின்' எப்படி வரும்? யானை, பூனை, நரி, எலி, இந்த மாதிரிதான் இருக்கணும்." பையன் வாயை மூடிக்கொண்டான். உடம்படுமெய்யை இத்தனை சுருக்கமாக யாரும் நடத்தி நான் பார்த்ததில்லை. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பூட்டிய பீரோ.

யாருடைய வால் என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. என் எழுத்து வேலை எல்லாம் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைதான். அதற்குப் பிறகு வீடு கூப்பிட்டுவிடும். மறுநாள் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு வரி ஓடவில்லை. கதை எழுதிக்கொண்டே போகிறோமே, இதுவும் அச்சாகி, முத்திரை வாங்கி, எண் வாங்கி, அந்துருண்டைப் பக்கத்தில் போய் உட்காரத்தானே என்று தோன்றிவிட்டது. கதைக்குப் பதிலாக இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெயரைச் சொல்லாததற்கும் அதுவே காரணம். வாரத்துக்கு ஒரு நாளாவது ஏதாவது ஒரு பள்ளிக்குப் போகிறவள் நான். திறந்திருந்த பீரோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓரிடத்தில் பீரோவுக்கு முன்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். ஓரிடத்தில் 2022-இல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வந்த கட்டு பிரியாமல் சணலோடு இருந்தது. வேறோர் இடத்தில் சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் புதன்கிழமை ஏழாம் பாடவேளைக்கு 'நூலகம்' என்று அழகாக அச்சடித்து, அதற்கு மேலே பென்சிலால் 'கணக்கு' என்று எழுதியிருந்தார்கள். பென்சில்தானே, அழித்துவிடலாம் என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பென்சில் எழுத்து மங்கி, அதற்கும் மேல் ஒருமுறை பென்சில் ஓட்டியிருந்தது.

ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "கிழிச்சிடுவாங்க மேடம்" என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் இரண்டாவது பதில் வரும். அதுதான் உண்மையான பதில். ஒரு தலைமை ஆசிரியர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர், டீ ஆறுவதுகூடத் தெரியாமல் சொன்னார்:

"எனக்கு முன்னாடி நூலகப் பொறுப்புல ஒரு டீச்சர் இருந்தாங்க. பிள்ளைங்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுப்பாங்க. மாறுதல் வந்துச்சு. பொறுப்பு ஒப்படைக்கும்போது எண்ணுனா பதினேழு புக் குறையுது. 'விடுவிக்கணும்னா கணக்கு நேராகணும்'னு சொல்லிட்டாங்க. கைக்காசு போட்டுக் கட்டிட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் வந்த டீச்சர் என்ன பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க."

பூட்டத்தான் செய்வார். நானாக இருந்தாலும் பூட்டுவேன். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தவர் அபராதம் கட்டினார். கொடுக்காதவர் 'இருப்பு சரியாக உள்ளது' என்று பச்சை மையில் கையெழுத்து வாங்கினார். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆசிரியருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போய்விடுவார். இதற்கு ஒரு பழமொழி உண்டு, தேங்காய் வரும் அதில். ஆசிரியர்கள் மேல் உள்ள மரியாதையால் அதை விழுங்கிக்கொள்கிறேன். குற்றம் அவர்களுடையதும் இல்லை.

எனவே இனி இருப்பைச் சரிபார்க்க வரும் அலுவலர்களோடு பேச வேண்டும்.

நீங்கள் பெஞ்சை எண்ணுகிறீர்கள், மின்விசிறியை எண்ணுகிறீர்கள், தட்டு டம்ளரை எண்ணுகிறீர்கள். அதே பார்வையோடு புத்தகத்தையும் எண்ணுகிறீர்கள். பெஞ்சை உட்கார்ந்து தேய்க்கத்தான் வாங்கினோம் என்று உங்களுக்குத் தெரியும். பத்து வருடப் பெஞ்சின் கால் ஆடினால் யாரும் ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. சிறுவர் புத்தகம் பெஞ்சைவிட எத்தனையோ மடங்கு மெலிந்தது. நடுவில் இரண்டு பின் அடித்த 24 பக்கம். முப்பது பிள்ளைகள் கை மாறினால் அதற்கு என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் அட்டையின் கீழ்மூலை மடங்கி உதிரும், பக்கம் புரட்டும் விரல் படுகிற இடம் அது. அப்புறம் நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று வரும். நடுத்தாளில்தான் பெரும்பாலும் பெரிய படம் இருக்கும், எல்லாரும் அங்கேதான் அகல விரித்துப் பார்ப்பார்கள். அப்புறம் கடைசிப் பக்கம் காணாமல் போகும். ஆண்டு முடிவில் அப்படிக் கிழிந்து கிடக்கும் புத்தகம் உங்கள் கணக்கில் நட்டம். என் கணக்கில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்த புத்தகம்.

இதற்கு விதி இடம் கொடுக்காது என்பீர்கள். கொடுத்த விதி ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆவது விதி நூலகங்களின் இருப்பைச் சரிபார்ப்பது பற்றிப் பேசுகிறது. படிக்கக் கொடுத்ததும் எடுத்துப் பார்த்ததுமாக ஒவ்வொரு 1,000 நூலுக்கும் ஆண்டுக்கு 5 நூல் தொலைந்தால், அதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது. நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் கதைப் புத்தகம் பெரும்பாலும் அந்த விலைக்குப் பக்கத்தில் வராது. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, மாநிலப் பள்ளிகளைக் கட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதியவர்களுக்குப் புரிந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கணக்கை அவர்கள் அலமாரியில் இருக்கும் நூலை வைத்துப் போடவில்லை, வெளியே போன நூலை வைத்துப் போட்டிருக்கிறார்கள். 40 பிள்ளைகள், வாரத்துக்கு ஆளுக்கு ஒன்று, 40 வாரம் என்று வையுங்கள். 1,600 முறை புத்தகம் வெளியே போயிருக்கிறது. அந்த விதிப்படி 8 புத்தகம் தொலைந்தால் கேள்வி இல்லை. பூட்டியே வைத்திருக்கும் பள்ளிக்கு இந்தச் சலுகை பூஜ்யம். நிதித் துறை ஆட்கள் எழுதிய விதியில் இவ்வளவு வாசக மனசு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பெரியவர்கள் வந்துபோகும் நூலகத்துக்கே ஆயிரத்துக்கு ஐந்து என்றால், எட்டு வயசுக்காரர்களுக்கு இன்னும் தாராளம் வேண்டும். தம்பி கிழித்துவிடுவான், மழையில் பை நனையும், ஆடு மேயும்.

கதைப் புத்தகம் வைத்தே ஆக வேண்டுமா என்று கேட்கவும் இடமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், செய்தித்தாளும் இதழ்களும் எல்லாப் பாடங்களுக்கான நூல்களும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, 'கதைப் புத்தகங்கள் உட்பட' என்று தனியாகச் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது, சொல்லாவிட்டால் பொது அறிவு வினா விடைத் தொகுப்பு வாங்கி நிரப்பிவிடுவார்கள் என்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலக மானியம் தரவும் வழி வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2023-இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களாக அச்சடித்துக் கொடுத்தார்கள். எளிமையான புத்தகங்கள், நல்ல யோசனை. ஒரு பள்ளியில் 'நுழை' வகைப் புத்தகங்களைப் பூட்டிய கண்ணாடிக்குள் பார்த்தேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12 வந்தால் எஸ். ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், கணக்கு ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931-இல் அவர் எழுதிவைத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த கதையையும் அவர் சொல்கிறார். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: சங்கிலி போட்ட நூலை நின்றபடியாவது படிக்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் கண்ணால் பார்த்த ஒரு பள்ளியைச் சொல்கிறேன். இரண்டு ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் தொடக்கப் பள்ளி. பஸ் அந்த ஊர் வரை போகாது. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். பீரோ இருந்தது, அதில் சத்துணவுக் கணக்கு நோட்டுகளை வைத்திருந்தார்கள். புத்தகங்கள் எல்லாம் வகுப்பறைக்குள், சன்னலிலிருந்து சன்னலுக்குக் கட்டிய கம்பியில், துணி காயப்போடுவது போல நடுப்பக்கம் விரிந்து தொங்கின. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எக்காமல் எட்டும் உயரம். ஒரு கோடு போட்ட நோட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். புத்தகத்தின் பெயர், எடுத்தவர், கொடுத்த தேதி, கடைசியாக ஒரு கட்டம்: 'எப்படி இருந்தது'. அந்தக் கட்டத்தில் ஒரு பிள்ளை 'அழுதேன்' என்று எழுதியிருந்தது. இன்னொன்று 'சுமார்' என்று எழுதியிருந்தது. சுமார் என்று வாங்கியது என் புத்தகம்.

வகுப்பு மூலையில் ஒரு காலி பிஸ்கட் டப்பா, மேலே 'புத்தக ஆஸ்பத்திரி' என்று எழுதிய காகிதம். உள்ளே ஊசி, வெள்ளை நூல், துணி நாடா, பசை. நடுத்தாள் கழன்ற புத்தகத்தின் பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் மூன்று இடத்தில் தைக்க நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பின் அடித்ததைவிட அது உறுதி. போன மாதம் அந்தப் புத்தகத்தைக் கிழித்தவனும் அவன்தான் என்று பக்கத்தில் இருந்தவள் போட்டுக்கொடுத்தாள். அவன் மறுக்கவில்லை, தைத்துக்கொண்டே இருந்தான்.

தொலைந்த கணக்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அந்தத் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். பதிவேட்டைத் திறந்து காட்டினார். இரண்டு வருடத்தில் காணாமலும் கிழிந்தும் போனவை 11. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை முறை வெளியே போனது என்று எழுதி, பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, 'வாசிப்பில் தேய்ந்தவை, நீக்கலாம்' என்று பெற்றோர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லித் தீர்மானம் எழுதியிருக்கிறார். ஆய்வுக்கு வந்தவர் முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அலுவலர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் இந்த மடலை வாசித்தால், வணக்கம். மற்றவர்களும் அவரைப் போல இருந்துவிட்டால் எனக்கு எழுத வேறு வேலை இருக்கிறது.

நவம்பர் 14-க்குத் திரும்புகிறேன், ஒரு வருத்தம் பாக்கி இருக்கிறது. அன்றைக்கு விழா பத்து மணிக்கு. பிள்ளைகள் ஒன்பதரைக்கே மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பந்தல் மேடைக்கு மட்டும்தான். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை மூன்று, பரிசளிப்பு, நடுவில் வந்து இறங்கிய ஒருவருக்காக மீண்டும் ஒரு வரவேற்பு. நான் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியபோது மணி 12:25. மதிய உணவு மணி 12:40-க்கு. முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் தன் நிழலுக்குள் தலையைக் கொண்டுபோக முயற்சி செய்துகொண்டிருந்தான். நான் கதையைப் பாதியாக வெட்டிச் சொல்லி முடித்தேன். எனக்குப் பொன்னாடை போட்டார்கள். வீட்டில் இப்படிச் சேர்ந்தவை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றைக்கூட என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டே ஒரு பையன் கேட்டான்: "மிஸ், நீங்க கதையைத் தப்பா எழுதிட்டா யாராச்சும் அடிப்பாங்களா?" அடிக்க மாட்டார்கள், அடித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்றேன். அவனுக்குச் சிலேடை பிடித்துப்போய், பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பச் சொன்னான். உடனே கேள்விகள் கொட்டின. தப்பு எழுத்து வந்தால் என்ன செய்வீர்கள், கதையில் ஆளைச் சாகடிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எங்கள் ஊர்ப் பேரைப் போடலாமா. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் இரண்டு பஸ் மாறி வருவது. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

தலைமை ஆசிரியர்களே, பீரோவைத் திறந்து வையுங்கள். முழுவதும் முடியாது என்றால் ஒரு தட்டிலிருந்து தொடங்குங்கள். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள், யாருடைய கைப்பையிலும் அது வீட்டுக்குப் போக வேண்டாம். எண் சீட்டைத் தலைப்பின் மேல் ஒட்டாதீர்கள். நூலகப் பாடவேளையைக் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ கடன் கொடுக்காதீர்கள். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வெளியிலிருந்து யாராவது பிள்ளைகளுக்கென்று கொடுத்த புத்தகத்தை, பதிவேட்டில் ஏற்றிய அன்றே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்.

எழுத்தாளரைக் கூப்பிடும்போது மேடைக்குக் கூப்பிடாதீர்கள், வகுப்புக்குக் கூப்பிடுங்கள். ஒரு வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஒரு முழுப் பாடவேளை. தரையில் வட்டமாக உட்கார்ந்துகொள்கிறோம். முந்தின நாள் மாலையில் போன் பண்ணாமல் இரண்டு வாரம் முன்னதாகச் சொன்னால், வரப்போகிறவரின் கதை ஒன்றைப் பிள்ளைகள் அதற்குள் படித்திருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் நேரிலேயே சொல்லட்டும். பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு ஊசி, நூல்கண்டு, துணி நாடா வாங்கி டப்பாவில் போடுங்கள்.

அலுவலர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. வாசிப்பில் கிழிந்த, தொலைந்த புத்தகத்துக்கு எந்த ஆசிரியரும் கைக்காசு கட்ட வேண்டாம், அதைக் காட்டிப் பணி விடுவிப்பை நிறுத்தவும் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். வாய்வார்த்தை போதாது, அடுத்த தணிக்கைக்கு வேறொருவர் வருவார். வெளியே போன புத்தகங்களின் எண்ணிக்கையை வைத்து ஆண்டுக்கு இத்தனை இழப்பு இயல்பு என்று அளவு வையுங்கள். அதற்குள் வருவதைப் பள்ளி மேலாண்மைக் குழுவே தீர்மானம் போட்டு நீக்க அதிகாரம் கொடுங்கள். ஆய்வுக்கு வரும்போது இருப்புப் பதிவேட்டுக்கு முன்னால் வழங்கல் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு வருடத்தில் ஒரு புத்தகம்கூடக் கிழியாத பள்ளியைக் கண்டால், ஏன் கிழியவில்லை என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

அந்த நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு மட்டும் தனியாக ஒன்று. பயிற்சிக்குப் போனவர் சாவியோடு திரும்பி வந்திருப்பார். மூன்றாவது தட்டு, இடமிருந்து ஆறாவது. எடுத்து ரெட்டைச் சடைக்காரியிடம் கொடுங்கள், சார். யாருடைய வால் என்று நீங்கள் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். சீட்டை அவளே கிழித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்த்தட்டில் 25 புத்தகங்கள் வைத்திருக்கும்
ஒரு குழந்தை எழுத்தாளர்